பில் தாளின் பின்புறம் எழுதிய ஜெபச் சீட்டு

என் மனைவிக்கு எதிராக அந்தச் சீட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் நீர்தான்.

உம்முடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை, வாயை அளந்து திறக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். நம் சபைக்காரர்களுக்கு ஆள் யார் என்று தெரியும். உமக்கும் தெரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் குழித்துறையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் காயில் கட்டிக் கொடுப்பது என் வேலை. எழுத்து வேலை எனக்குப் பில் புத்தகத்தோடு சரி. என் மனைவி நர்ஸ். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்குப் போனாள். இது நான்காவது வருடம். அவளை அனுப்பி வைத்தது நீர். நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி உம்முடையது. நம் சபைக் கமிட்டியிலும் இருக்கிறீர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேண்டுதல்களை எழுதிப் போடும் ஜெபச் சீட்டுப் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை எடுத்து மைக்கில் வாசிப்பதும் நீர்தான். வாசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் முதல்முறை விமானம் ஏறிய அன்று நீரும் திருவனந்தபுரம் வரை எங்களோடு காரில் வந்தீர். களியக்காவிளை தாண்டியதும் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னீர்.

“ஒண்ணுக்கும் பயப்படாண்டாம் தம்பி. அங்க ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு ஒரு போன் போதும். இவ எனக்க தங்கச்சியாக்கும்.”

நீர் டீ குடிக்க இறங்கியபோது அவள் என் காதருகே குனிந்தாள். “தங்கச்சிக்கு வாரத்துல எத்தனை நாள் லீவுன்னு ரெண்டு மட்டம் கேட்டாச்சு. அண்ணனுக்குக் காது கேக்கல்ல.”

நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அங்கே போனபின் தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு, நான் கடையில் சோறு தின்கிற நேரத்தில், போன் பண்ணுவாள். அவளுக்கு அது இடைவேளை. பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். இன்றைக்கு எத்தனை நோயாளிகள், மகள் டியூஷன் போனாளா, மாமியின் முட்டுவலி எப்படி, இவ்வளவுதான். மாமி என்றால் அவளுடைய அம்மா. மகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு இருக்கிறார்.

ஒருநாள் அவள் வீடியோவில் வந்தாள். காலியாக இருந்த ஒரு கட்டிலைக் காட்டினாள். படுத்திருப்பவர் உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தூக்கி மாட்டுகிற கம்பித் தடுப்பு இருக்கிறதல்லவா, அதன் கொளுத்தை, அதைப் பூட்டி நிறுத்துகிற கொக்கியை மட்டும் போனைக் கிட்டே வைத்துக் காட்டினாள்.

“நீங்க மெக்கானிக்குதானே, இதைப் பாத்துச் சொல்லுங்க. மாட்டினா நிக்குது. கொஞ்சம் அசைஞ்சா விட்டுருது.”

“கொளுத்துக்குள்ள ஸ்பிரிங் போச்சு. அமுக்கிக் காட்டு. ஆமா, போச்சு. கட்டிலை மாத்தச் சொல்லு.”

“ரிப்பேர் ரிஜிஸ்டர்ல எழுதியாச்சு. இன்னும் ஒருக்கா எழுதுதேன்.”

மறுநாள் இரண்டாவது முறையும் எழுதியதாகச் சொன்னாள். கட்டில் நம்பர், தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு. நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. ஒரு ஸ்பிரிங். என் கடையில் அப்படி ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.

அந்த வாரமே ஒருநாள் காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. அது அவள் கூப்பிடுகிற நேரம் இல்லை. கையில் வார்னிஷ் இருந்தது, துடைக்காமல் எடுத்தேன். அந்தக் கட்டிலில் ஒரு முதியவரைப் படுக்க வைத்திருந்தார்களாம். பக்கத்து அறையில் ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. இவள் அங்கே ஓடியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முதியவர் புரண்டிருக்கிறார், தடுப்பு இறங்கிவிட்டது, அவர் தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

“அவரு என் கையைப் பிடிச்சிட்டு விடவே இல்ல,” என்றாள்.

அந்த முதியவருக்கு நடந்தது கொடுமை. அவருடைய பிள்ளைகள் கேள்வி கேட்பது நியாயம். எங்கள் அப்பா விழுந்திருந்தால் நானும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தியிருப்பேன். விசாரணை வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒழுங்காக விசாரிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே அவள் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். முழுக்க அரபியில். கையெழுத்துப் போடு, நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார்களாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கொடுக்கவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து டியூட்டி இல்லை, ஹாஸ்டல் அறையில் இரு என்றார்கள். பாஸ்போர்ட்டை, அவள் அங்கே போய் இறங்கிய அன்றைக்கே ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொண்டது. தடுப்பை அவள்தான் மாட்டாமல் விட்டாள் என்று முடிவானால் லைசென்ஸ் போகும், போலீஸ் கேஸ் வரும், அது முடிகிற வரை நாட்டை விட்டு வெளியேற முடியாது. இதையெல்லாம் ஒரு கிளார்க் கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் கடையைச் சாத்திவிட்டு நேராக உம்முடைய ஆபீசுக்கு வந்தேன். ஒரு போன் போதும் என்று சொன்ன ஆள் நீர்தானே. உம்முடைய வாசலில் புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தது. அதே ஆஸ்பத்திரிக்கு நர்சுகள் தேவை, நேர்முகத் தேர்வு நம் ஊரிலேயே என்று.

“கையெழுத்துப் போடச் சொல்லும் தம்பி. அது ஒரு சடங்காக்கும். போட்டா நாலு நாள்ல டியூட்டிக்கு எடுத்துருவாவ.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாண்டாமா அண்ணே?”

“நாமெல்லாம் அவங்க வாசல்ல போய் நிக்கவங்க. இப்படி நொள்ளை சொல்லிட்டிருந்தா அடுத்தால போற பிள்ளைகளுக்குமில்லா கெட்ட பேரு.”

அடுத்துப் போகிற பிள்ளைகளா, அடுத்து வருகிற ஆர்டரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அன்று எனக்கு உம்முடைய தயவு தேவைப்பட்டது. நீர் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“படிக்கத் தெரியாத தாள்ல கையெழுத்துப் போடச் சொல்லுதியளா?” என்றாள். “நீங்க கடையில ஒரு கஸ்டமர்கிட்ட வெறும் பில்லுல கையெழுத்து வாங்குவியளா?”

வாங்கமாட்டேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு வாழைத்தோட்டக்காரர் எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்தார். திறக்காமலே, தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர், தப்பு உம்முடையது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அவர் போனபின் திறந்தால், முந்தின முறை நான் போட்ட பேரிங்தான் இறுகிக் கிடந்தது. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து எந்த மோட்டாரையும் சொந்தக்காரர் கண்முன்னால்தான் திறப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்தபிறகுதான் பில்லில் எழுதுவேன். ஒரு மோட்டாருக்கு நான் இதைச் செய்கிறேன். ஒரு நர்சுக்கு இதைக்கூடச் செய்யாதவர்கள் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள்.

அவள் ஆஸ்பத்திரியிடம் எழுதிக் கேட்டது மூன்று காரியம். குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் தர வேண்டும். விசாரணையில் மொழி தெரிந்த ஒருவர் கூட உட்கார வேண்டும். ரிப்பேர் ரிஜிஸ்டரில் அந்தக் கட்டிலைப் பற்றி அவள் எழுதிய இரண்டு பக்கங்களைக் கொண்டுவர வேண்டும். முதலிரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவதைத் தேடுகிறோம் என்றார்கள்.

விசாரணையின் முதல் அமர்வு அரைமணி நேரத்தில் முடிந்தது. பெயர், படிப்பு, எத்தனை வருட வேலை, இவ்வளவுதான் கேட்டார்கள். இரண்டாவது அமர்வு அடுத்த புதன்கிழமை என்றார்கள். அந்த நாட்களில் நான் மனிதனாக இல்லை. போனைப் பெஞ்சில் வைத்தால் அதிர்கிற மாதிரி இருக்கும், எடுத்தால் ஒன்றும் இருக்காது. பையில் வைத்தால் அடித்தது கேட்காமல் போய்விடுமோ என்று வெளியே எடுத்து வைப்பேன். கம்பிச் சுற்று எண்ணுகிற வேலை என்னுடையது. பாதியில் எண்ணிக்கை விட்டுப் போகும், கட்டிய கம்பியை அறுத்துவிட்டு முதலிலிருந்து கட்டுவேன். ஒரே மோட்டாரை மூன்றுமுறை கட்டினேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், ஒன்றுமில்லை என்று. அவள் உள்ளே போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஜெபச் சீட்டு எழுதினேன்.

நம் சபையில் சீட்டு எழுத ஒரு முறை இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்டாலும், மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று கேட்டாலும், காய்ச்சல் மாற வேண்டும் என்று கேட்டாலும், முதல் வரியில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மீறுதல்களை மன்னியும் என்றுதான் தொடங்க வேண்டும். காய்ச்சல் வந்த குழந்தை என்ன மீறியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் சரியானவர்கள் என்று எழுதினால் அது ஜெபம் இல்லை, திமிர். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய முறை.

முதலில் நான் அப்படி எழுதவில்லை. கடைப் பையில் இருந்த பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்புறத்தில், ‘என் மனைவி எந்தத் தப்பும் செய்யவில்லை, அவள் சொன்னதைக் கேட்காமல் கட்டிலை மாற்றாதவர்களின் கண்ணைத் திறந்தருளும்’ என்று எழுதினேன். மாமி வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“மக்கா, ஆண்டவருகிட்ட வக்கீல் மாதிரி வாதாடவா போற?”

“உள்ளதைத்தானே எழுதியிருக்கேன் மாமி.”

“உள்ளது அவருக்குத் தெரியும். நீ தாழ்த்தி எழுது. நம்ம பக்கம் ஞாயம் இருந்தாலும் நம்மளத் தாழ்த்தணும். மூக்கைத் தூக்கிட்டுப் போனா யாரு இரங்குவா?”

கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன். ‘என் மனைவியின் கவனக்குறைவினாலும் எங்கள் மீறுதல்களினாலும் வந்த இந்தச் சோதனையிலிருந்து விடுவியும். விழுந்த முதியவரைக் குணமாக்கும். அதிகாரிகளின் கண்களில் தயவு கிடைக்கப் பண்ணும்.’ கீழே அவள் பெயர், ஆஸ்பத்திரி பெயர், வார்டு நம்பர், என் கையெழுத்து. விலாசம் இல்லாமல் எழுதினால் போய்ச் சேராது என்கிற மாதிரி எல்லாவற்றையும் எழுதினேன். மாமி வாசித்துவிட்டு, “இப்ப சரியாச்சு” என்றார்.

கவனக்குறைவு என்று எழுதியது என் கைதான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவள் கவனமாக இருந்தாள் என்பதற்கு அவளுக்கு அடுத்தபடி சாட்சி நான். அந்தக் கொளுத்தை நான் கண்ணால் பார்த்தவன். அப்படிப்பட்ட நான் அந்த வார்த்தையை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீர் அதை மைக்கில் வாசித்தீர். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு வாசித்தீர், அதைக் கவனித்தேன், நல்ல மனசு என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தீர்.

“நல்லா எழுதியிருக்கீரு ஓய். தாழ்மை இருக்கு.”

மத்தியானம் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாச் சீட்டுகளும் வந்தன. எப்போதும் போல நீர் டைப் அடித்துப் போட்டிருந்தீர். அதிலும் ஆஸ்பத்திரி பெயர் இல்லை, வார்டு நம்பர் இல்லை, என் கையெழுத்து இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“நீங்க எனக்கு எதிரா ஏதாவது எழுதிக் குடுத்தியளா?”

“நானா? என்னட்டி பேசுத?”

“மேசையில ஒரு தாள் வச்சிருந்தாவ. போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டது. உங்க கையெழுத்து. பின்பக்கம் அச்சடிச்சது லேசாத் தெரிஞ்சுது. உங்க பில்லுல உள்ள மோட்டார் படம்.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபச் சீட்டு என்று சொன்னேன்.

“என்ன எழுதுனியன்னு நான் கேக்கல்ல. அதை எனக்கு வாசிச்சுக் காட்டிட்டாவ. எதுக்கு எழுதுனிய?”

“மாமி தாழ்த்தி எழுதணும்னு...”

“அம்மைக்கு அந்தக் கொளுத்தைத் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்லா?”

அவளே மிச்சத்தையும் சொன்னாள். அந்தத் தாளுடன் அரபியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பு குத்தி வைத்திருந்தார்களாம். மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை, நான் எழுதியது எழுதியபடியே இருந்தது என்றாள். விசாரணைக் குழுவின் தலைவர் அவளிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உன் கணவர் பொய் சொல்கிறவரா?

“ஆமான்னா நீங்க பொய்யரு. இல்லைன்னா நான் குத்தவாளி. எதைச் சொல்லட்டும்னு உங்ககிட்ட போன் பண்ணிக் கேக்கவா முடியும்?”

“நீ என்ன சொன்ன?”

“எங்க ஊருல ஜெபம் இப்படித்தான் எழுதுவோம்னு சொன்னேன். அந்த ஆளு சிரிக்கல்ல, கோவப்படவும் இல்ல. அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு யாரு சொல்லுவாங்கன்னு கேட்டாரு. உனக்க ஆளுங்க தவிர யாராவது உண்டான்னு.”

“ரிஜிஸ்டர்?”

“இன்னும் தேடுதாவளாம்.”

போனை வைத்தபிறகு நான் யோசித்தது ஒன்றுதான். குரூப்பில் வந்தது டைப் அடித்தது. அங்கே போனது என் கைப்பட எழுதிய அசல் தாளின் போட்டோ. ஆஸ்பத்திரி பெயரும் வார்டு நம்பரும் உள்ள தாள். பெட்டியில் நான் போட்ட பிறகு அந்தத் தாள் யார் கைக்குப் போனது? பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? அந்த ஆஸ்பத்திரி அதிகாரிகளின் நம்பர் இந்தச் சபையில் யாருடைய போனில் இருக்கிறது?

நீர் அனுப்பியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் ஒரே ஆள்தான் பதில்.

மறுநாள் காலை உம்முடைய ஆபீஸ் திறக்கும்போதே வந்து நின்றேன். நீர் டீ சொன்னீர். நான் குடிக்கவில்லை.

“நான் அனுப்பல்ல தம்பி. குரூப்புல நூறு பேரு உண்டு. எவனாவது அனுப்பியிருப்பான்.”

“குரூப்புல போட்டது டைப் அடிச்சதாக்கும். அங்க போனது நான் எழுதுன தாளு. அந்தத் தாளு எங்க அண்ணே?”

“வாசிச்ச சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுருவோம்லா.”

“கிழிக்கதுக்கு முந்தி போட்டோ எடுத்தது யாரு?”

நீர் லேப்டாப்பைத் திறந்தீர். எதையோ தேடுகிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர். “எவன் அனுப்புனாலும் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான். ஒத்துக்கிட்டா அவங்களுக்கும் மனசு இரங்கும். மன்னிச்சு விட்டா விஷயம் முடிஞ்சுதுல்லா? நீரு பெருசாக்காதேயும்.”

அனுப்பியவனின் மனசில் என்ன இருந்தது என்று உமக்கு எப்படித் தெரிந்தது? நான் அங்கேயே கேட்டேன். நீர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது இரண்டு பெண்பிள்ளைகள் பைலோடு உள்ளே வந்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள். “வாங்க மக்கா, உக்காருங்க,” என்று அவர்களிடம் எழுந்துபோனீர். பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த அதே அன்பான குரல். நான் வெளியே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

குழித்துறை கோர்ட்டில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். அவருடைய வீட்டு மோட்டாரை நான்தான் பார்ப்பேன். அவரிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

“கையெழுத்து உங்கதா?”

“ஆமா.”

“கவனக்குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“ஜெபத்துல அப்படித்தான் எழுதணும் மேடம்.”

“எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் எழுதுவாங்க. அந்த மேசையில இருக்கவங்களுக்கு அதை யாரு சொல்லுவா?” குழுத் தலைவர் அவளிடம் கேட்ட அதே கேள்வி. “நீங்க சொன்னா புருஷன் பொண்டாட்டியைக் காப்பாத்தச் சொல்லுதான்னு ஒதுக்கிருவாங்க. சீட்டை வாங்கி வச்சவங்க எழுதிக் குடுக்கணும். எங்க சபையில எல்லாச் சீட்டும் இப்படித்தான் தொடங்கும், இது வாக்குமூலம் இல்ல, எழுதினவரு சம்மதம் இல்லாம வெளிய போயிருக்குன்னு. சபை லெட்டர்ல.”

இங்கிருந்து அங்கே நடக்கிற விசாரணையை நிறுத்த முடியாது என்றும் சொன்னார். ஆனால் நம் தூதரகத்தில் தொழிலாளர்களுக்கு உதவுகிற பிரிவுக்கு எழுதலாம், விசாரணையில் அவளோடு ஒருவர் உட்காரக் கேட்கலாம், ரிஜிஸ்டரைக் காட்டாமல் முடிவெடுத்தால் அங்கே உள்ள தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். அன்றைக்கே எழுதினார். நான் என்னுடைய பிரமாண வாக்குமூலத்தைக் கொடுத்தேன். வீடியோவில் கொளுத்தைப் பார்த்தது, ஸ்பிரிங் போயிருந்தது, அவள் இரண்டுமுறை ரிஜிஸ்டரில் எழுதினேன் என்று எனக்குச் சொன்னது, சீட்டு எழுதிய விதம், மாமி சொன்னது, எல்லாம். மாமி பக்கத்தில் உட்கார்ந்து தனக்குச் சேர வேண்டியதைத் தானே சொன்னார். “எனக்க பேரையும் போடும்மா. நான்தான் தாழ்த்தி எழுதச் சொன்னேன்,” என்றார் வக்கீலிடம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், “எனக்க பிள்ளையை நானே தாழ்த்திப் போட்டேன்” என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அவருடைய சாப்பாடு பாதியாகிவிட்டது.

தூதரகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அடுத்த அமர்வுக்கு ஒரு ஆளை அனுப்புகிறோம், சபையின் கடிதம் இருந்தால் அதற்கு முன்பே அனுப்புங்கள் என்று. அந்த அமர்வு வருகிற வியாழக்கிழமை.

கடிதத்துக்காகப் போதகரிடம் போனேன். நல்ல மனிதர். கண் கலங்கினார். ஆனால், “இது கமிட்டி முடிவு பண்ண வேண்டிய காரியம்” என்றார். கமிட்டியில் கேட்டேன். சீட்டுகளுக்குப் பொறுப்பு நீர், நீர் எழுதிக் கொடுத்தால் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். உமக்கு நான்குமுறை போன் பண்ணினேன். ஒருமுறை எடுத்து, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றீர். நேற்று உம்முடைய வீட்டுக்கே வந்தேன். உம்முடைய கார் உள்ளே நின்றது. நீர் ஊரில் இல்லை என்றார்கள்.

அவள் இப்போது ஒன்றரை மணிக்குக் கூப்பிடுவதில்லை. இடைவேளை என்று ஒன்று இருந்தால்தானே. நினைத்த நேரத்துக்குக் கூப்பிடுகிறாள், அதனால் நான் எந்த நேரமும் காத்திருக்கிறேன். நேற்றுக் கூப்பிட்டு, ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய வார்டு தெரிகிறது என்றாள். அந்தப் பக்கம் மொத்தமாகப் புதுக் கட்டில்கள் இறக்குகிறார்களாம்.

“இப்ப மாத்துதாவ பாத்தியளா,” என்றாள்.

பழைய கட்டில் எங்கே போகும், அந்தக் கொளுத்து எங்கே போகும் என்றுதான் நான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. வக்கீலிடம் சொன்னேன். அந்தக் கட்டிலை அப்படியே வைக்கச் சொல்லி அன்றைக்கே தூதரகத்துக்கு மெயில் போட்டார். பதில் இல்லை.

இனி உம்மிடம் நேராகச் சொல்கிறேன். வியாழனுக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்றைக்கு நான் வருவேன், மாமியும் மகளும் வருவார்கள். அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் முதலில் நான் எழுந்து நிற்பேன். என் மனைவி கவனக்குறைவாக இருக்கவில்லை, அதை அறிந்தும் அப்படி எழுதியது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு மைக் வேண்டாம்.

அதன்பின் நீர் அந்த மைக்கில் நின்று பேச வேண்டும். என் சீட்டை நீர் எந்த மைக்கில் வாசித்தீரோ, அதே மைக். அந்தத் தாளைப் போட்டோ எடுத்தீரா? யாருக்கு அனுப்பினீர்? அவர்கள் கேட்டு அனுப்பினீரா, கேட்காமலே அனுப்பினீரா? இல்லை, நான் அனுப்பவில்லை என்றால், பெட்டியின் சாவி உம்மிடம் இருக்கும்போது வேறு யார் எடுத்தது என்று சொல்லும். அனுப்பியது யாராக இருந்தாலும், நம் சபையில் சீட்டு எப்படி எழுதுவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும். அதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். கடிதத்தை ஸ்கேன் பண்ண ஆள் ஏற்பாடு பண்ணியாயிற்று, வக்கீல் அன்றைக்கே அனுப்பத் தயாராக இருக்கிறார்.

என் கடைக்கு வந்து தனியாகச் சொல்லாதேயும். போனில் சொல்லாதேயும். நூறு பேர் கேட்க அவளுடைய குற்றம் என்று வாசித்தீர். அதே நூறு பேர் கேட்கப் பதில் சொல்லும்.